கைமாறும் துப்பாக்கியும் வணிகரின் கையெழுத்தும்

உரிமம் பெற்ற இருவர் தங்களுக்குள் பேசி முடித்த துப்பாக்கி விற்பனை, கடைசிக் கட்டத்தில்தான் ஆயுத வணிகர்களான நம் கடைக்கு வருகிறது. விலை முடிவாகி, முன்பணமும் கைமாறியிருக்கும். "பதிவேட்டில் ஏற்றிக் கொடுத்துவிடுங்கள்" என்பார்கள். அவர்களுக்கு அது ஒரு வரி. நமக்கோ அது சட்டப் பொறுப்பு.

சொந்த உபயோகத்துக்காக முறைப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை, விற்பனை உரிமம் இல்லாமலேயே தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்க 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5(2) பிரிவில் இடம் தருகிறது. வாங்குபவரின் பெயர், முகவரியுடன் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவித்திருக்க வேண்டும். அதன்பின் 45 நாட்களாவது கடந்திருக்க வேண்டும். வணிகர் வழியாகத்தான் விற்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஆனாலும் வணிகர் முன்னிலையில் முடிப்பதே இரு தரப்புக்கும் பாதுகாப்பு. எண்ணையும் தாளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்கு அன்றாட வேலை.

தவறுகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் நேரக்கூடும். முதலாவது, நாள் கணக்கு. கடிதத்தில் எழுதிய தேதியிலிருந்து எண்ணக்கூடாது. அலுவலகம் பெற்றுக்கொண்ட தேதியிலிருந்தே எண்ண வேண்டும். ஒப்புகை முத்திரை இல்லாத நகலை ஏற்காதீர்கள். இரண்டாவது, ஆள் மாற்றம். முதலில் கேட்டவர் பின்வாங்கியதும், பழைய கடிதத்தை வைத்தே வேறொருவருக்கு விற்க முனைவார்கள். சட்டம் கேட்பது வாங்குபவரின் பெயரை. ஆள் மாறினால் கடிதமும் புதிது, 45 நாளும் புதிது. மூன்றாவது, வாங்குபவரின் உரிமம். அது காலாவதியாகாமல் இருந்தால் மட்டும் போதாது. பன்னிரண்டு போர் துப்பாக்கிக்கு அனுமதி பெற்றவர் அதைக் காட்டி ரிவால்வர் வாங்க முடியாது. 2019 திருத்தத்துக்குப் பின் பொதுவாக ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டதால், உரிமத்தில் ஏற்கெனவே ஏறியிருக்கும் ஆயுதங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். துப்பாக்கியில் பொறித்த எண்ணை விற்பவரின் உரிமத்தில் உள்ளதோடு நாமே நேரில் ஒப்பிட வேண்டும். அவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதக்கூடாது.

பெறுபவருக்குத் தகுதி உண்டா என்று உறுதி செய்யாமல் ஆயுதத்தை ஒப்படைப்பது 29ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகையைப் பார்த்து அலட்சியம் வேண்டாம். இச்சட்டத்தின் கீழ் தண்டிக்கும் நீதிமன்றம் குற்றவாளியின் உரிமத்தையும் ரத்து செய்யலாம். தலைமுறையாக நடத்திவரும் கடை அதோடு மூடப்படும்.

வாடிக்கையாளர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், காத்திருப்புக் காலம் முடியாத துப்பாக்கியைக் கைமாற்றித் தராதீர்கள். ஒப்புகைக் கடிதம், இரு உரிமங்கள் ஆகியவற்றின் நகல்களைப் பதிவேட்டுடன் சேர்த்து வையுங்கள். நம் வணிகர் சங்க உறுப்பினர்கள் அனைவரும் இதையே வழக்கமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.