நோய்க்கும் ஒரு கட்டணம்

என் மேஜைமேல் இரண்டு ரசீதுகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே கல்லூரி கொடுத்தவை. இரண்டும் ஒரே பையன் பெயரில் போட்டவை. முதல் ரசீதில், நூலகம், விளையாட்டு, ஆய்வுக்கூடம் என்று வரிசையாகப் போகும் கட்டணங்களுக்கு நடுவே 'மருத்துவமும் காப்பீடும்' என்று ஒரு வரி. அதற்கு 1,500 ரூபாய். இரண்டாவது ரசீது ஆறு மாசம் கழித்துப் போட்டது. வகுப்புக்கு வராத நாட்களை மன்னிப்பதற்காக 1,000 ரூபாய்.

நோய் வந்தால் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு தடவை பணம் வாங்கியிருக்கிறார்கள். நோய் ஏன் வந்தது என்று இன்னொரு தடவை பணம் வாங்கியிருக்கிறார்கள். நடுவில் வைத்தியம் என்று ஒன்று நடந்ததா? நடந்தது. ஆனால் அது அந்தக் கல்லூரியில் நடக்கவில்லை.

கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றக் கல்லூரிகளெல்லாம் 'நாம் அப்படி இல்லை' என்று மார்தட்டிக்கொள்ளும். அந்தச் சந்தோஷத்தை அவர்களுக்குக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

பையன் மரக்காணத்து உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன். தாய் எங்கள் இடையஞ்சாவடிப் பெண். அவள் தம்பி எனக்கு அடுத்த வீட்டுக்காரர். போன மழைக்காலத்தில், உப்பளத்தில் வேலை நின்று வீட்டில் காசு புழங்காத அந்த மாசங்களில், பையனுக்கு விடுதியில் ஜுரம் கண்டது. 'நோயாளி அறை' என்று பலகை போட்ட அறை ஒன்று அங்கே இருக்கிறதாம். உள்ளே ஒரு கட்டில், சாவி வாட்ச்மேனிடம். டாக்டர் செவ்வாய்க்கிழமை மாலை வருவார் என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது. பையனுக்கு ஜுரம் வந்தது புதன்கிழமை! வாரம் முழுவதும் காத்திருந்து செவ்வாய்க்கிழமை பார்த்து வரவேண்டும் என்று அந்த ஜுரத்துக்குத் தெரியவில்லை.

மூன்று நாள் விடுதிக் காப்பாளர் கையால் மாத்திரை. நான்காம் நாள், "ஊருக்குப் போய் உடம்பைப் பார்த்துக்கொண்டு வா" என்று பஸ் ஏற்றிவிட்டார்கள். கொதிக்கும் உடம்போடு அவன் மரக்காணம் போய்ச் சேர்ந்தான். அங்கே ஒரு கிளினிக், பிறகு இன்னொரு கிளினிக். தாய் பயந்துபோய், ஜிப்மருக்குப் பக்கம் என்று தம்பி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். ஜிப்மரில் இரத்தம் எடுத்துப் பார்த்து டைபாய்டு என்றார்கள். பையன் பிழைத்தான். ஆனால் படுத்ததும் தேறியதுமாக 26 நாள் வகுப்பு போய்விட்டது. தொண்ணூறு நாளில் 26 போனால் மிச்சம் 64, நூற்றுக்கு 71. வேண்டியது 75. ஆகவேதான் அந்த இரண்டாவது ரசீது.

அடுத்த வீட்டுக்காரர் ஒரு நாள் சாயங்காலம் காகிதக் கட்டோடு வந்தார்.

"அண்ணே, ஆயிரத்தைந்நூறு கட்டினதுக்கு இன்சூரன்ஸ்காரன் ஏதாவது குடுப்பானா? படிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

நான் இரண்டு வருஷம் கல்லூரியில் இருந்துவிட்டுப் பட்டம் வாங்காமல் வெளியே வந்தவன். எறும்பு ஊர்ந்தது போன்ற அந்த ஆங்கிலத்தை அகராதியை வைத்துக்கொண்டுதான் படித்தேன். விபத்தால் மரணம், விபத்தால் அங்கம் போதல், விபத்துக்கான ஆஸ்பத்திரிச் செலவு. அவ்வளவுதான். நோய் என்ற சொல்லே அதில் இல்லை.

பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "அப்ப, பஸ்ஸிலேருந்து விழுந்திருந்தா குடுத்திருப்பாங்களா மாமா?" என்று கேட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பஸ்ஸிலிருந்து விழுந்தால் விபத்து. விடுதித் தண்ணீரைக் குடித்து விழுந்தால் அது அவன் தலையெழுத்து!

அந்த விபத்துக் காப்பீட்டிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேர வைத்தியச் செலவைச் சர்க்காரே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில், இதே வடக்குப் பக்கத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. சர்க்கார் கைகொடுக்க முன்வந்த இடத்தில் கல்லூரியும் ஒரு குடையைப் பிடிக்கிறது. நனைகிற இடத்தில் குடை இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்லவந்தது ஒன்றுதான். காப்பீடு வேறு, வைத்தியம் வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது மோசடி. ஓர் அட்டை ஒரு டாக்டருக்கு ஈடாகாது.

காப்பீட்டில் எத்தனை தினுசு உண்டோ அத்தனையையும் பாருங்கள். நம் வீடுகளில் இருப்பது முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை. 2009-ல் பிறந்து, 2012-ல் புது உருவம் பெற்று, 2018-ல் மத்திய சர்க்கார் திட்டத்தோடு சேர்ந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உதவி. நல்ல திட்டம், ஏழை வீட்டில் இருதய ஆபரேஷன் நடப்பதற்கு அதுதான் காரணம். அதில் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. வேலை கிடைக்கும்வரை, அல்லது கலியாணம் ஆகும்வரை, அல்லது 25 வயது நிறையும்வரை, எது முந்துகிறதோ அதுவரை. இது எத்தனை தகப்பனுக்குத் தெரியும்? 'பிள்ளைக்குப் பதினெட்டு ஆயிடுச்சு, இனி அவனுக்குச் செல்லாது' என்று யாரோ சொன்னதை நம்பி மரக்காணத்துக்காரர் அட்டையை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். சேர்க்கையின்போது சாதிச் சான்று கேட்கிறார்கள், வருமானச் சான்று கேட்கிறார்கள், ஆறு போட்டோ கேட்கிறார்கள். 'உன் வீட்டில் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, அதில் உன் பெயர் இருக்கிறதா?' என்று ஒரு வாய்ச்சொல் கேட்டால் என்ன முத்து உதிர்ந்துவிடும்?

ஆனால் அந்த அட்டையும் படுக்கையில் சேர்ந்தவனுக்குத்தான். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான். முதல் நாள் ஜுரத்துக்கு அது கதவைத் திறக்காது.

தனியார் கம்பெனிகளின் பாலிசி இன்னொரு தினுசு. எடுத்த முதல் 30 நாளுக்கு, விபத்து தவிர வேறெதற்கும் பொதுவாகப் பணம் கிடையாது. முன்பே இருந்த நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம் என்பது 2024-ல் வந்த விதி. அதற்கு முன்பு நான்கு வருஷம். பட்டப்படிப்பும் மூன்று வருஷம்! ஆஸ்துமாவோடு கல்லூரிக்குள் போகிற பெண்ணுக்குப் பட்டமும் பாலிசியின் தயவும் ஒரே நாளில் கையில் கிடைக்கும்.

தொழிலாளர் ஈட்டுறுதி என்ற ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. 1948-ல் சட்டமாகி 1952-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் மட்டும்தான் தொழிலாளியின் குடும்பத்துக்குச் சாதாரண ஜுரத்துக்கும் வைத்தியம் உண்டு. ஆனால் மழை வந்தால் வேலை இல்லை என்று அனுப்பப்படுகிற கூலிக்காரன் வீட்டை அது எட்டுவது அபூர்வம்.

ஆக, எல்லாக் காப்பீடும் வீடு பற்றி எரியும்போது வருகிற தண்ணீர் வண்டி. வேண்டியதுதான். ஆனால் அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டாமா? விடுதியில் ஒரு டாக்டரோ பயிற்சி பெற்ற நர்ஸோ தினம் உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? முதல் வாரத்திலேயே பையன் இரத்தம் சோதனைக்குப் போயிருக்கும். "வேறு யாருக்கெல்லாம் ஜுரம்?" என்று கேட்டிருப்பார். "தண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவினீர்கள்?" என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவாது.

மாணவர்களின் நோய்களைத்தான் யோசித்துப் பாருங்கள். இரத்தசோகை, மாதவிலக்கு வலி, பல்வலி, கண்பார்வை, தூக்கம் வராமை, சொல்ல வாய் வராத மனக்கஷ்டம். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. கல்லூரிப் பெண்களும் அந்த வயதுக்காரிகள்தானே? இவற்றில் எது கட்டிலில் படுக்கவைத்து ஆபரேஷன் செய்கிற நோய்?

பள்ளிக்கூடத்தில் இருக்கும்வரை இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு காவல் உண்டு. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறந்தது முதல் 18 வயதுவரை பரிசோதனை. சர்க்கார் பள்ளிக்கு வண்டியில் டாக்டரே வருகிறார். பதினெட்டு முடிந்ததும் வண்டி நின்றுவிடுகிறது. உத்தியோகம் கிடைத்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் ஐந்தாறு வருஷம் யாருடைய பொறுப்பு?

இது புதிதாக எனக்குத் தோன்றிய ஞானோதயம் அல்ல. 1948-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைத்தார்கள். 1949-ல் வந்த அதன் அறிக்கை மாணவர் நலத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு, உடல் பரிசோதனையும் வைத்திய வசதியும் வேண்டும் என்று சொன்னது. அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார். அவரே பெரிய டாக்டர். டாக்டரும் துணைவேந்தருமாக ஒரே மனிதர் இருந்து சொன்ன விஷயத்தை எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாக நாம் அலமாரியில் வைத்துக் காப்பாற்றிவருகிறோம்!

வெளியூர்க் கதையும் கேளுங்கள். அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட் என்ற கல்லூரி, 1861-லேயே எட்வர்டு ஹிட்ச்காக் என்ற டாக்டரைச் சுகாதாரத்துக்கும் உடற்கல்விக்கும் பேராசிரியராக வைத்துக்கொண்டது. மாணவன் உடம்பும் கல்லூரியின் பாடங்களில் ஒன்று என்று அவர்களுக்கு அப்போதே தோன்றியிருக்கிறது. ஜெர்மனியில் 1975-ல் சட்டம் வந்தது. காப்பீட்டு விவரம் காட்டாமல் அங்கே பல்கலைக்கழகத்தில் பெயர் பதிய முடியாது. பெற்றோர் பொதுக் காப்பீட்டில் இருந்தால், பொதுவாக 25 வயதுவரை பிள்ளை தனிச் சந்தா இல்லாமலே அதில் சேர்ந்துகொள்ளலாம். நம் அட்டையிலும் அதே 25 வயதுதான். வித்தியாசம் என்னவென்றால் அங்கே பல்கலைக்கழகம் கேட்கிறது. இங்கே யாரும் கேட்பதில்லை.

நம் நாட்டிலும் பெரிய நிலையங்கள் சில செய்துதான் காட்டியிருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்துக்குள்ளேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கள் பக்கத்துக் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சுகாதார நிலையம் இருக்கிறது. குறை அங்கேயும் இருக்கலாம். ஆனால் தேவை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மனநலத்தைப் பற்றி 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது: நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிலையம் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று. மனசுக்கு ஓர் ஆள் வேண்டும் என்றால் உடம்புக்கு வேண்டாமா?

"இளம் வயசு, கல்லைத் தின்றாலும் செரிக்கும், இவர்களுக்கு எதற்கு டாக்டர்?" என்று ஒரு கட்சி. கல் செரிக்கலாம் ஐயா, கிருமி செரிக்காது.

"சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறதே" என்று இன்னொரு கட்சி. இருக்கிறது, பையனைக் காப்பாற்றியதும் சர்க்கார் ஆஸ்பத்திரிதான். ஆனால் அதைச் சொல்கிறவர்கள் முதலில் அந்த 1,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொல்லட்டும்.

"டாக்டர் வைத்தால் கட்டணம் ஏறும்" என்று மூன்றாவது கட்சி. இதுதான் கெட்டிக்காரக் கட்சி. கணக்குப் போட்டுப் பார்ப்போமே. இரண்டாயிரம் மாணவர் இருக்கும் கல்லூரியில் தலைக்கு 1,500 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 30 லட்சம். விபத்துப் பாலிசிக்குப் போக மிச்சம் எவ்வளவு, அதில் எத்தனை டாக்டர், எத்தனை நர்ஸ் என்று வரவு செலவை நோட்டீஸ் பலகையில் ஒட்டட்டும். ஒட்டிய பிறகு போதவில்லை என்றால் நானே கட்டணத்தை உயர்த்தச் சொல்லி எழுதுகிறேன்.

நான் படித்த காலத்திலும் விடுதியில் ஜுரம் என்றால் ஒரு மாத்திரை, ஒரு பாக்கெட் ரொட்டி, ஒரு பஸ் டிக்கெட். ஆனால் அன்றைக்கு அதற்குக் கட்டணம் வாங்கவில்லை. இந்த இருபத்தைந்து வருஷத்தில் வளர்ந்தது கட்டணம் ஒன்றுதான். மாத்திரை அதே மாத்திரை.

அடுத்த ஜூனில் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப்போகிற தாய் தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. பணம் கட்டுகிற ஜன்னலில் நின்று மூன்று கேள்வி கேளுங்கள். வைத்தியம் பார்க்கிறவர் எந்தெந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை இருப்பார்? இந்தக் காப்பீடு எதற்குக் கொடுக்கும், எதற்குக் கொடுக்காது, அதைத் தமிழில் எழுதித் தருவீர்களா? பிள்ளை நோயில் படுத்தால் அந்த நாட்களை எப்படிக் கணக்கிடுவீர்கள்? கூச்சப்படாதீர்கள். காசு உங்களுடையது, பிள்ளையும் உங்களுடையதுதான். அதோடு வீட்டு அட்டையை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, பிள்ளை பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பையன் போன வாரம் கல்லூரிக்குத் திரும்பிவிட்டான். போகும்போது மாமன் வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை இரண்டு பாட்டிலில் நிரப்பிக்கொண்டு போனான். இரண்டு பாட்டில் இரண்டு நாளைக்கு வரும். அதற்குப் பிறகு அவன் அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். தொட்டியை இன்னும் கழுவவில்லையாம். மன்னிப்புக் கட்டணத்தை மட்டும் முன்கூட்டியே வசூலித்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் யார் என்பதை வாசகர்களே சொல்லட்டும்.