அவனுக்குள் மாவு!

டொரன்டோவில் இருக்கும் அக்காவிடம் 'பனி எப்படி, அழகா இருக்கா?' என்று கேட்டால் திட்டுதான் விழும். நவம்பரில் தொடங்கினால் ஏப்ரலிலும் எட்டிப் பார்க்குமாம். வாசலில் உப்புச் சேறோடு பூட்ஸ், ஹீட்டர் காற்றில் வெடிக்கும் உதடு... அதெல்லாம்கூடப் பரவாயில்லை. இட்லி மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது!

அவனைச் சூடாக்காமல், உள்விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க மாவை உள்ளே வைப்பாள். போன வாரம் அத்தான் அதைக் கவனிக்காமல் பீட்சாவுக்காக ஆன் செய்துவிட்டார். பிளாஸ்டிக் டப்பா உருகி வீடெல்லாம் நாற்றம். மைனஸ் 18 டிகிரியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை! கோபித்துக்கொண்டு வெளியே கிளம்பியவளுக்கு, கோட், பூட்ஸ், கையுறை எல்லாம் மாட்டி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டதாம்.

இப்போது மாவு எவர்சில்வர் தூக்கில். அவன் கதவில் அத்தான் ஒட்டிய சீட்டு: 'உள்ளே மாவு தூங்குது.'