ஒழுகும் ரேடியேட்டரும் நம் தற்சார்பும்

விதையைக் கடையில் வாங்காதே, உரத்தைக் கடையில் வாங்காதே என்று நாம் ஊர் ஊராய்ப் போய்ப் பேசுகிறோம். பஞ்சகவ்யம், அமுதக்கரைசல், மீன் அமிலம் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யப் பழகிவிட்டோம். ஆனால் டிராக்டரில் நாலு சொட்டுத் தண்ணீர் ஒழுகினால் மட்டும் டவுன் மெக்கானிக்குக்குப் போன் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறோம். இது என்ன தற்சார்பு?

"டிராக்டரே நமக்கு ஆகாதுங்க, அது சாணி போடுமா?" என்று சிலர் கேட்பார்கள். எனக்கும் உழவு மாட்டின் மேல்தான் ஆசை. ஆனாலும் உள்ளதைப் பேசுவோம். நம்மில் பலர் கொட்டகையில் டிராக்டரோ பவர் டில்லரோ நிற்கிறது. இல்லாதவர் வாடகைக்குப் பிடிக்கிறார். நம் வயலில் ஓடுகிற பொருளின் சின்னச் சின்ன சீக்காவது நமக்குப் பிடிபட வேண்டும் என்பதே என் கட்சி.

ஒழுக்குக்கு நாம் செய்கிற வைத்தியம் என்ன? தண்ணி குறைஞ்சா ஊத்து. காலையில் ஒரு குடம், மத்தியானம் ஒரு குடம். பயிர் மஞ்சளடித்தால் காரணம் பார்க்காமல் யூரியா வீசுகிற அதே புத்திதான் இது. பல ஊர்களில் ஊற்றுவதும் போர்வெல்லின் உப்புத் தண்ணீர். வெந்நீர் அண்டாவில் வெள்ளையாகப் படிகிற உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். சூடு வெளியேற வழியிருக்காது. சேறடிக்கிற வாரத்தில் என்ஜின் கொதித்து, ஹெட் வளைந்து, கேஸ்கட் போய்விட்டால், ஒரு ஹோஸ் விலையில் முடிந்திருக்கும் வேலை என்ஜினைப் பிரிக்கிற செலவில் போய் நிற்கும். பருவமும் கைநழுவும்.

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் கரைத்து ஊற்றுகிற வித்தையும் உண்டு. நடுவழியில் நின்றால் வீடு வந்து சேர அது உதவலாம். அதையே நிரந்தர வைத்தியமாக்கினால், ஓட்டையை அடைத்த தூள் நல்ல குழாயையும் அடைக்கும்.

காரணத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. ராத்திரி என்ஜினுக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். எந்த இடத்துக்கு நேராகச் சொட்டியிருக்கிறது என்று காலையில் தெரியும். ஒழுகிக் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். என்ஜின் நன்றாக ஆறிய பிறகே கை வையுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் பீய்ச்சியடித்து முகத்தை வேகவைத்துவிடும்.

முதலில் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். ஊறி நொளநொளத்திருந்தாலும், காய்ந்து வெடித்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ஹோஸ் நன்றாக இருந்து கிளாம்ப் மட்டும் தளர்ந்திருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் முடுக்கினால் போதும். பலத்தையெல்லாம் காட்டினால் ரப்பர் அறுந்துவிடும். அடுத்தது மூடி. அதன் ரப்பர் தேய்ந்திருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரமே கொதித்து வெளியேறும். பழைய மூடியில் போட்டிருக்கும் அதே அழுத்த எண் உள்ள மூடியாக வாங்குங்கள். மூன்றாவது வாட்டர் பம்ப். அதன் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் தொடர்ந்து சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம். அந்தத் துளையைப் பசை வைத்து அடைக்காதீர்கள். சீலையோ பம்பையோ மாற்றுவதுதான் வழி.

வெளியே ஒழுக்கே இல்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறதா? ஆயில் பார்க்கிற கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தாலோ, என்ஜின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ, தண்ணீர் என்ஜினுக்குள் போகிறது. அதற்கு மேல் ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அது அனுபவஸ்தர் வேலை. அவர் பிழைப்பில் மண் போடச் சொல்லவில்லை. கிளாம்ப் முடுக்க அவரை இருபது கிலோமீட்டர் அலைக்க வேண்டாம் என்கிறேன்.

இயற்கை விவசாயிக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. பெரும்பாலான கூலண்டில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. அது இனிப்பானது, விஷம். தேங்கிக் கிடந்தால் நாயோ ஆடோ கன்றோ நக்கிவிடும், சிறுநீரகம் கெட்டுச் சாகும். ஒரு சொட்டுப் பூச்சிமருந்து படாமல் காத்த மண்ணில் இதை வடியவிடலாமா? வேலை செய்யும்போது கீழே பாத்திரம் வைத்துப் பிடியுங்கள். கிணற்றடியிலும் வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள். மூடி போட்ட கேனில், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவு கூலண்டை முறையாக வாங்கிக்கொள்ளும் பட்டறையில் ஒப்படையுங்கள்.

அதற்காகக் கூலண்டே வேண்டாம் என்று வெறும் தண்ணீர் ஊற்றினால் உள்ளே துருவேறும். கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன அளவில், உப்பில்லாத டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றுவதே சரி. ஒழுக்கை நிறுத்திவிட்டால் ஊற்றிய கூலண்ட் உள்ளேயே நிற்கும். மண்ணுக்கும் கேடில்லை, காசும் மிச்சம்.

நம் மாதக் கூட்டத்தில் விதை பரிமாறிக்கொள்கிறோம், கரைசல் செய்து காட்டுகிறோம். அதில் ஒரு அரை நாளைக் கருவிப் பழுதுக்கு ஒதுக்குவோம். அனுபவமுள்ள உள்ளூர் மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டு, உரிய கூலி கொடுத்து, நம் பெண்களும் இளைஞர்களும் கையில் ஸ்பேனர் பிடித்துக் கற்றுக்கொள்ளட்டும். ஒரு ஹோஸ், இரண்டு கிளாம்ப், ஒரு மூடி வாங்கி விதைப் பானைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அடுத்த பட்டத்துக்கு இரண்டுமே தேவைப்படும்.