மலை சைக்கிளும் மலையடிவார ஊர்களும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில், வன்னியம்பட்டி விலக்கில், காலை எட்டரை மணிக்குப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பள்ளிக்கூடம் போகிற சைக்கிள்களைப் பெரும்பாலும் இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். ஒன்று, அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள். இன்னொன்று, வீட்டில் அடம்பிடித்து வாங்கிய 'எம்டிபி'. அதாவது மவுண்டன் பைக். தடித்த குழாய், கட்டம் கட்டமாகப் பொத்தான் வைத்த டயர், முன்னால் ஷாக் அப்சார்பர், சிலவற்றில் பின்னாலும் ஒன்று. பத்தாம் வகுப்புப் பையனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மேற்கே திரும்பினால் உண்மையிலேயே மலை இருக்கிறது. ஆனால் அந்த மலைக்கு இந்த மலை சைக்கிள்கள் போவதே இல்லை. 1988ல் அது சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் ஆயிற்று. 2021ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு உள்ளே போனால் புலி பார்க்கிறதோ இல்லையோ, வனக்காவலர் பார்த்துவிடுவார். ஆக, இந்த வண்டிகள் செய்கிற வேலை ஒன்றுதான். தார் ரோட்டில், பின்னால் ஒரு நண்பனை ஏற்றிக்கொண்டு, முதுகில் புத்தகப் பையோடு போவது.

கடைக்குப் போகிறவர்கள் என்ன கேட்கிறார்கள்? கியர் இருக்கிறதா, டிஸ்க் பிரேக் இருக்கிறதா, என்ன கலர், என்ன விலை. ஃபிரேமைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. பிரேக் தேய்ந்தால் மாற்றலாம், டயர் கிழிந்தால் மாற்றலாம், செயின் அறுந்தால் மாற்றலாம். ஃபிரேம் போனால் சைக்கிளே போயிற்று. அதைப் பற்றி மட்டும் கேள்வி இல்லை என்பது விசித்திரம்தான்.

மவுண்டன் பைக் என்ற சமாச்சாரமே ஃபிரேம் உடைந்த கதையில் தொடங்கியது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்து மலைகளில், சில இளைஞர்கள் 1930களின் பழைய ஷ்வின் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மண் பாதையில் சறுக்கி இறங்குவார்கள். 1976ல் ஆரம்பித்த பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒரு தடவை இறங்கி முடித்தால் பின் சக்கர ஹப்பில் இருக்கிற கிரீஸ் முழுக்க எரிந்து புகையாகிவிடும், திரும்பவும் கிரீஸ் அடைக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். கிரீஸ் மட்டுமா போயிற்று? பழைய ஃபிரேம்களும் வளைந்தன, உடைந்தன. அதனால்தான் ஜோ பிரீஸ் என்பவர் 1977ல் குரோமோலி எஃகுக் குழாயில் இதற்கென்றே புது ஃபிரேம் கட்டினார். 1981ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற வண்டியை ஜப்பானில் செய்து வாங்கி விற்றது. பிறகு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இங்கே வந்து சேர்ந்தபோது தோற்றம் முழுசாக வந்தது. உள்ளே இருக்கிற குழாய் அப்படியே வந்ததா என்பது வேறு கேள்வி.

தமிழ்நாட்டுக்கு சைக்கிள் ஃபிரேம் புதிய விஷயம் அல்ல. 1949ல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து தொடங்கியதுதான் அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ். ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பிஎஸ்ஏ எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். (அம்பத்தூரில் இருக்கும் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை, அந்த இங்கிலாந்துக் கம்பெனியின் தலைவர் பெயரில் இருப்பது. அந்தப் பெயரை யாரென்று தெரியாமலே எத்தனையோ பேர் சீட்டு வாங்கியிருப்பார்கள்.) குழாய்க்காக 1955ல் ஆவடியில் தனியாக ஒரு தொழிற்சாலையே வந்தது. இன்னொரு சுவாரசியம்: சைக்கிள் குழாய் என்றாலே உலகம் சொல்கிற ரெனால்ட்ஸ் கம்பெனியும் 1928ல் அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் பிள்ளையாகிப் பல காலம் அப்படியே இருந்ததுதான். குழாயின் வெளி விட்டம் ஒரே அளவாக இருக்க, மூட்டு வருகிற இரண்டு முனையில் மட்டும் சுவரைத் தடிமனாக விட்டு, நடுவில் மெல்லிசாக்குகிற வித்தைக்கு 1897லேயே காப்புரிமை வாங்கியவர் ரெனால்ட்ஸ். ஃபிரேம் பெரும்பாலும் மூட்டுப் பக்கத்தில்தான் உடையும், நடுக்குழாயில் அபூர்வம். அங்கே இரும்பு போட்டால் போதும், மற்ற இடத்தில் எடை எதற்கு? இதுதான் கணக்கு.

சாதாரண ஃபிரேம் எப்படி உருவாகிறது? எஃகுத் தகட்டை நீள நாடாவாக வெட்டி, உருளைகளுக்கு நடுவே விட்டுச் சுருட்டி, விளிம்பு இரண்டையும் மின்சாரத்தால் சூடேற்றி ஒட்டினால் குழாய். அதை அளவாக வெட்டி, இன்னொரு குழாயின் மேல் சரியாக உட்காரும்படி முனையைப் பிறை வடிவில் குடைவார்கள். பழைய பெரிய சைக்கிளில் குழாய்களை 'லக்' என்கிற உறைக்குள் செருகி, உருகிய பித்தளைத் தொட்டியில் மூட்டை முக்கி எடுப்பார்கள். பித்தளை இடுக்கெல்லாம் புகுந்து பிடித்துக்கொள்ளும். எஃகு உருகாது, அதனால் அதன் பலம் அதிகம் கெடாது. எம்டிபி மாதிரிகளில் லக் கிடையாது. குழாயோடு குழாயை வைத்து நேரே வெல்டிங். வேகமான வேலை, வேண்டிய கோணத்தில் வளைந்த, தடித்த குழாய்களை ஒட்டலாம். ஆனால் எல்லாப் பொறுப்பும் அந்த ஒரு வெல்டிங் தையலின் மேல் வந்துவிடுகிறது.

அலுமினியம் வந்தால் கதை இன்னும் மாறும். இரும்பைவிட மூன்றில் ஒரு பங்கு எடை, ஆனால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதை ஈடுகட்டத்தான் குழாயைப் பருமனாக்குகிறார்கள். அலுமினிய ஃபிரேம் தடியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சாதா இரும்பில் அதே தடிமனைக் காப்பியடிப்பதற்கு அழகைத் தவிரப் பெரிய காரணம் இல்லை, எடைதான் மிச்சம். 6061 என்கிற அலுமினியக் கலவையில் வெல்டிங் வைத்தால், சூடு பட்ட இடம் மென்மையாகிவிடும். எனவே ஃபிரேமை முழுசாக உலையில் வைத்து 530 டிகிரி வரை சூடேற்றி, சட்டென்று குளிர்வித்து, கோணல் நிமிர்த்தி, பிறகு 175 டிகிரி பக்கம் பல மணி நேரம் வேகவைத்து எடுக்கிறார்கள். அப்போதுதான் பலம் திரும்புகிறது.

இதில் ராஜபாளையத்துக்காரருக்கு ஒரு முக்கியமான சேதி இருக்கிறது. இரும்பு ஃபிரேமில் கீறல் விட்டால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து கேஸ் வெல்டிங் பட்டறையில் பித்தளை ஊற்றி இன்னும் சில வருடம் ஓட்டலாம். அலுமினிய ஃபிரேமை அப்படி ஒட்டினால் ஒட்டும், ஆனால் பக்கத்திலேயே மென்மையான ஒரு வளையம் உருவாகியிருக்கும். அடுத்த பள்ளத்தில் அங்கே போகும். அந்தப் பட்டறையில் 530 டிகிரி உலை கிடையாது. தவிர, எஃகுக்கு ஒரு எல்லை உண்டு. அதற்குக் கீழான சுமையை எத்தனை லட்சம் தடவை ஏற்றினாலும் அது சோர்ந்து போகாது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது, சின்னச் சின்ன சுமையும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். சின்ன ஊரில் சைக்கிள் வாங்குபவருக்கு 'லைட் வெயிட் அலாய் ஃபிரேம்' என்பது எல்லா நேரமும் நல்ல செய்தி அல்ல.

சரி, ஃபிரேம் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உலகத்தில் அதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது, ஐஎஸ்ஓ 4210. பெடலில் மிதிக்கிற மாதிரி ஒரு மெஷின் மாற்றி மாற்றி அழுத்தும். நகரத்து சைக்கிளுக்கு 1000 நியூட்டன், மவுண்டன் பைக்குக்கு 1200 நியூட்டன், அதாவது 122 கிலோ ஆள் ஒரு பெடலில் ஏறி நிற்கிற மாதிரி. இப்படி 1,00,000 சுற்று. நம்ம ஊர் பெரிய சைக்கிள் ஒரு மிதி சுற்றுக்கு ஐந்தரை மீட்டர் போகும் என்று வைத்தால், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சென்னை வரை, நடுவில் ஒரு மிதிகூட இளைப்பாறாமல், எழுந்து நின்று மிதித்துப் போவதற்குச் சமம். அப்புறம் முன் ஃபோர்க்கை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும் சோதனை. ஃபிரேமைச் செங்குத்தாக நிறுத்தி, 22.5 கிலோ எடையை ஃபோர்க் முனை மேல் போடும் சோதனை. நகரத்து வண்டிக்கு 180 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து போடுவார்கள், மலை வண்டிக்கு 360. சரியாக இரண்டு மடங்கு! எங்கும் கீறல் தெரியக் கூடாது, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளையவும் கூடாது.

ஆக 'மவுண்டன் பைக்' என்பது வெறும் டிசைன் பெயர் அல்ல. இரண்டு மடங்கு அடி வாங்கித் தேறியதற்கான பட்டம். தேறாத வண்டிக்கும் அதே பெயரை வைத்து விற்றால் என்ன ஆகும்? வெளிநாடுகளில் இந்தத் தோற்றத்தில் விற்கும் மலிவு வண்டிகளின் கையேட்டில், சாதாரண சாலைக்கு மட்டுமே, குதிக்காதீர்கள் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதுண்டு. பெயர் மலை, கையேடு சமவெளி!

இதைப் பொருளாதாரத்தில் ஏற்கனவே சொல்லியாயிற்று. ஜார்ஜ் அகெர்லாஃப் 1970ல் எழுதிய பழைய கார் சந்தை பற்றிய கட்டுரை, பி.காம். படிப்பவர்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். (2001ல் நோபல் பரிசும் கிடைத்தது.) விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல சரக்குக்கு நல்ல விலை கிடைக்காது, மெல்ல மெல்ல நல்ல சரக்கு சந்தையை விட்டே போய்விடும். ஃபிரேமுக்குள் இருக்கிற குழாய்ச் சுவரின் தடிமன் கண்ணுக்குத் தெரியாது. ஷாக் தெரியும், டிஸ்க் தெரியும், ஸ்டிக்கர் தெரியும். கம்பெனிக்காரர் 200 ரூபாயை எதில் போடுவார்? தெரிகிற இடத்தில்தான். அவரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை, நல்ல குழாயில் போட்டவர் விற்க முடியாமல் நிற்பார். மலிவு வண்டிகளில் பின்பக்க ஷாக் வந்ததும் இப்படித்தான். எடை கூடுகிறது, ஃபிரேமை இரண்டாக வெட்டி நடுவில் ஒரு ஆணியில் கோர்க்க வேண்டியிருக்கிறது, மிதிக்கிற சக்தியில் ஒரு பங்கை ஸ்பிரிங் தின்றுவிடுகிறது. கேரியர் மாட்டவும் சரியான இடமில்லை.

கேரியர் என்றதும்தான் உண்மையான பிரச்சினை வருகிறது. இங்கே சைக்கிளின் வேலை டபுள்ஸ். தங்கச்சியை ஏற்ற வேண்டும், ரேஷன் அரிசி ஏற்ற வேண்டும், மாட்டுக்குப் புல்லுக்கட்டு ஏற்ற வேண்டும். ஐஎஸ்ஓ கேரியர் தரத்தில் மிகப் பெரிய வகையே இருபத்தைந்து கிலோவைச் சுற்றித்தான். ஐரோப்பாவில் பின்னால் உட்காருவது குழந்தை. இங்கே உட்காருவது ஐம்பது கிலோ பிளஸ் டூ மாணவன்! மலை சோதனையில் பாஸான ஃபிரேமும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது, ஏனென்றால் அந்தக் கேள்வியே அங்கே கேட்கப்படவில்லை. பழைய டபுள் பார் வண்டியைக் கட்டியவர்களுக்கு அந்தக் கேள்வி தெரிந்திருந்தது. கனமாக இருக்கும், பள்ளத்தில் முதுகு வலிக்கும், ஆனால் எதற்காகச் செய்ததோ அதைச் செய்தது.

செலவு ஆகும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாமே. சோதனையில் ஒவ்வொரு வண்டியையும் உடைப்பதில்லை, ஒரு மாடலுக்குச் சில ஃபிரேம்கள்தான். ஒரு மாடலுக்கு ஐந்து லட்சம் ரூபாய் ஆகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதாயிரம் வண்டி விற்றால் வண்டிக்குப் பத்து ரூபாய். ஹேண்டிலில் தொங்கும் குஞ்சத்தின் விலைகூட இல்லை :-) ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் இந்திய சைக்கிள்களுக்கு இந்தச் சோதனைகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. மெஷின் இருக்கிறது, ஆள் இருக்கிறது, உள்ளூர் வாடிக்கையாளர் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

'எட்டாயிரம் ரூபாய் வண்டிக்கு இதெல்லாம் ஓவர், பையன் சந்தோஷமாக ஓட்டிவிட்டுப் போகட்டும்' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அழகுக்கு வாங்குவது தப்பில்லை. அந்த அழகுதான் பல பையன்களை பைக் கேட்காமல் இன்னும் சைக்கிளில் வைத்திருக்கிறது. ஆனால் எட்டாயிரம் என்பது மில் வேலைக்குப் போகிற வீட்டில் சின்னத் தொகை இல்லை. இருபதாயிரம் கொடுத்து வாங்குபவர் உடைந்தால் வேறு வாங்குவார். எட்டாயிரம் கொடுத்தவர் உடைந்ததை ஒட்டி ஓட்டுவார். சோதனை அதிகம் தேவைப்படுவது மலிவு வண்டிக்குத்தான்.

அதுவரை கடையில் செய்யக்கூடியவை சில. சின்னக் காந்தம் ஒன்று கொண்டு போங்கள், ஒட்டினால் இரும்பு. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சு இருக்கும் இடத்தையும், ஹேண்டிலுக்குக் கீழே இரண்டு குழாய் சேரும் இடத்தையும் பாருங்கள். வெல்டிங் தையல் ஒரே சீராக, ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும். ஓட்டிக்கொண்டிருக்கிற வண்டியாக இருந்தால் அதே இடங்களில் பெயிண்டில் முடி மாதிரி கோடு விழுந்திருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். முன்னால் தெரியும், உடைவதற்கு முன்பே. எந்தத் தரத்தில், நகரமா மலையா, எதில் தேறியது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சிரிப்பார். பரவாயில்லை, பத்து பேர் கேட்டால் அவர் டீலரிடம் கேட்பார்.

எல்லாரையும்விட பலமாகக் கேட்கக்கூடிய வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். தமிழ்நாடு அரசு. 2001ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005லிருந்து அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும் என்று விரிந்த திட்டம். ஆண்டுக்குச் சுமார் ஐந்து லட்சம் சைக்கிள். இவ்வளவு வாங்குகிறவர் டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் எந்தக் கம்பெனியும் மறுக்காது. கேரியரில் ஐம்பது கிலோ, சீட்டில் அறுபது கிலோ, ஒரு லட்சம் தடவை குலுக்கல், கீறல் இருக்கக் கூடாது. தேறிய எண்ணை பெயிண்டுக்கு அடியில் ஒளிக்காமல், சீட் குழாயில் எல்லாரும் படிக்கிற மாதிரி தமிழில் பொறிக்க வேண்டும்.