காசில்லை என்பது பதிலல்ல

மலேசியாவின் கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியில் குறும்படம் எடுக்கும் இளைஞர் யாரோடு பேசினாலும் பேச்சு ஓர் இடத்தில் வந்து நின்றுவிடும்: "பட்ஜெட் இல்லண்ணே. இருந்தா நாமளும் கோடம்பாக்கம் மாதிரி காட்டலாம்." பார்க்கிறவர்களும் இதையே வேறு குரலில் சொல்கிறார்கள்: உள்ளூர்ப் படம் அப்படித்தான் இருக்கும், அவர்களிடம் ஏது காசு. எடுப்பவரும் பார்ப்பவரும் ஒருசேர நம்பும் இந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை. நம் படங்கள் பல சறுக்குவது, கையிலிருக்கும் சொற்பக் காசில் கோடம்பாக்கத்தை நடித்துக்காட்ட முயலும்போதுதான்.

2005இல் தீபக் குமாரன் மேனன் 'செம்மண் சாலை'யை எடுத்தார். டிஜிட்டல் கேமரா, ஒரு ரப்பர்த் தோட்டம், மேலே படிக்க விரும்பும் ஒரு பெண். அந்தப் படம் வெளிநாட்டு விழாக்கள் வரை போனது. பத்தாண்டு கழித்து சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வந்தது: தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம், தொண்ணூறுகளின் தொடக்கம், சொல்பேச்சுக் கேளாத ஒரு பையன். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழியான மலாய்ப் படம், பிற மொழிப் படம் என்று பிரித்துவைத்த ஏற்பாட்டைத் திரைத்துறையினரே எதிர்த்தார்கள், பிரிவுகள் மாறின. அந்த ஆண்டின் சிறந்த மலேசியப் படம் 'ஜகாட்'. இரண்டு படத்திலும் பெரிய காசு இல்லை. எந்த ஊரைக் காட்டுகிறோம் என்ற தெளிவு இருந்தது.

கெடாவில் அந்தத் தெளிவு ஏன் வரவில்லை என்பதுதான் என் ஆற்றாமை. இங்கே எதற்குப் பஞ்சம்? பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரங்கள் இலை சிவந்து உதிர்க்கும்போது பீடோங் பக்கம் மிஞ்சியிருக்கும் தோட்டத்துக்குள் கேமராவோடு போய்ப் பாருங்கள். எந்தக் கலை இயக்குநரும் அதைப் போட்டுத்தர முடியாது. விடியுமுன் தலைவிளக்கோடு பால் வெட்டுக்குப் போகிறவர்களின் வெளிச்சம் போதும், வேறு விளக்கு வேண்டாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வீடுகள் இடிந்து தாமான் குடியிருப்புகள் எழுந்தன. ரப்பர்ப் பால் மங்கு கழுவிய கைகளின் பேரப்பிள்ளைகள் கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் தமிழுக்கு நடுவே கெடா மலாயின் 'ஹாங்', 'டெப்பா' எல்லாம் கலந்து பேசுவதை ஒரு படத்திலாவது ஒழுங்காகக் கேட்க எனக்கு ஆசை. நம் கதாநாயகர்களோ மதுரை வட்டார வழக்கில் சவால் விடுகிறார்கள்.

எழுத்தாளர்கள் இந்த மண்ணை விட்டுவைக்கவில்லை. சுங்கைப்பட்டாணியில் இருந்துகொண்டு கோ. புண்ணியவான் சயாம் மரண ரயிலை 'கையறு' நாவலாக்கினார். 1981இல் லூனாசில் நச்சுச் சாராயத்துக்குப் பலர் பலியானதை ம. நவீன் 'பேய்ச்சி'க்குள் கொண்டுவந்தார். 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அந்த நாவலைத் தடைசெய்தது. அரசு தடைசெய்யும் அளவுக்குக் கனமான கதைகள் பக்கத்துத் தெருவில் கிடக்கின்றன. நாமோ அடுத்த படத்துக்கான போஸ்டரில் துப்பாக்கியைத் தேடுகிறோம். அல்லது கெடாவின் பழம்பெயரான கடாரம் என்றவுடன் ராஜேந்திர சோழனின் கப்பற்படையைக் காட்டும் படத்துக்கு முதலாளி தேடுகிறோம்.

வெளியேயும் பாருங்கள். அசாமில் ரீமா தாஸ் தன் சொந்தக் கிராமத்துப் பிள்ளைகளை வைத்து, தானே ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் செய்து 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' எடுத்தார். 2018இல் இந்தியாவின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்கே. மதுரைப் பக்கத்து வெயிலில் ஓர் அப்பனும் மகனும் நடப்பதுதான் பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்', 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் புலி விருதைப் பெற்றது. ஆரம்பத்திலேயே இவர்கள் கோடி ரூபாய்க்குக் காத்திருந்தால் இரண்டு படமும் இருந்திருக்காது.

ஆனால் சிறு பட்ஜெட் என்றால் ஒலிப்பதிவாளருக்குச் சம்பளம் தராமல், "நட்புக்காகச் செய்யுடா" என்று பன்னிரண்டு மணி நேரம் நிற்கவைப்பது அல்ல. அந்தப் பழக்கத்தை நான் வெறுக்கிறேன். நாட்களைக் குறையுங்கள், இடங்களைக் குறையுங்கள், ஆட்களைக் குறையுங்கள். இருக்கிற ஆட்களுக்குக் கூலியும் சோறும் கொடுங்கள். காட்சி கொஞ்சம் மங்கினால் ரசிகர் பொறுப்பார். வசனம் காதில் விழாவிட்டால் எழுந்து போய்விடுவார். அதனால் கையில் ஆயிரம் வெள்ளி மிஞ்சினால் டிரோனை விட்டுவிட்டு மைக்குக்குக் கொடுங்கள்.

படம் முடிந்த பிறகு திரையரங்கம் கிடைக்காது என்பார்கள். உண்மைதான். உள்ளூர்ப் படங்களுக்குக் கட்டாயத் திரையீட்டுத் திட்டம் உண்டு. ஆனால் அதே வாரம் சென்னையிலிருந்து நட்சத்திரப் படம் இறங்கினால் நம் படத்துக்குப் பகல் காட்சியும் காலி நாற்காலியும்தான் மிஞ்சும். அதற்காகத் திரையரங்கையே ஒரே வாசலாக நினைக்க வேண்டுமா? மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ஒடேசா குழுவினர் கேரளத்துச் சிற்றூர்களில் சாப்ளின் படம் காட்டி மக்களிடம் காசு திரட்டி, 1986இல் 'அம்மா அறியான்' எடுத்து, அதே மக்களிடம் கொண்டுபோய்ப் போட்டுக்காட்டினார்கள். நம் தோட்டத்துத் திடல்களில் வெள்ளைத்துணி கட்டிப் படம் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. கூலிமிலும் பாடாங் செராயிலும் கோயில் மண்டபங்கள் இருக்கின்றன, தமிழ்ப்பள்ளி மண்டபங்கள் இருக்கின்றன. தணிக்கை வாரியத்தின் அனுமதியை வாங்கிக்கொண்டு, ஐந்து வெள்ளி டிக்கெட்டோடு ஊர் ஊராகப் போகலாம். படம் யாரைப் பற்றியதோ, அவர்கள்தான் முதலில் பார்க்க வேண்டும்.