ஸ்னோ ஒயிட் யாருடைய சொத்து?

டிஸ்னி நிறுவனத்தின் ‘ஸ்னோ ஒயிட்’ மறுஆக்கம் 2025 மார்ச் 21 அன்று திரைக்கு வந்தது. 24 கோடி டாலருக்குக் குறையாத செலவில் எடுக்கப்பட்ட அப்படம் உலகெங்கும் ஈட்டிய வசூல் 20 கோடி டாலரைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. அவ்வசூலிலும் ஏறத்தாழப் பாதி திரையரங்குகளின் பங்கு. படம் ஓய்ந்தது, அதன் மீதான சண்டை ஓயவில்லை. பனிபோல் வெளுத்தவள் என்று பெயர் பெற்ற இளவரசியாக, கொலம்பிய வம்சாவளித் தாய்க்குப் பிறந்த ரேச்சல் செக்லர் நடிக்கலாமா என்று ஒரு கூட்டம் கூச்சலிட்டது. பாலஸ்தீன விடுதலைக்கு ஆதரவாக அவர் ஓரிரு சொற்கள் எழுதியதும் கூச்சல் வெறியாயிற்று. எதிரணியினர், அவரை நடிக்க வைத்ததற்காகவே நிறுவனத்தை முற்போக்கின் காவலனாகக் கொண்டாடினர். இரண்டிலும் சேராத ரசிகர்கள், 1937ஆம் ஆண்டின் ‘அசல்’ படத்தை அப்படியே விட்டிருக்கலாம் என்று வருந்தினர்.

இம்மூன்று தரப்பும் ஒன்றில் மட்டும் முழு உடன்பாடு கொண்டவை. கதை நிறுவனத்தின் உடைமை. அந்த உடைமையை அது ஒழுங்காகக் கையாண்டதா என்பதே வழக்கு. வழக்கின் இந்த வரையறையைத்தான் முதலில் மறுக்க வேண்டியிருக்கிறது.

இடதுசாரி வட்டங்களில் கேட்கும் இரண்டு பதில்களும் இம்மறுப்புக்கு உதவவில்லை. அமெரிக்கக் குழந்தைப் படம் ஓடினால் என்ன, படுத்தால் என்ன, இயக்கத்துக்கு வேறு வேலை இல்லையா என்பது ஒன்று. வலதுசாரிகள் தாக்குகிறார்கள், ஆகவே தாங்கிப் பிடிப்பது கடமை என்பது மற்றொன்று.

முதலாவது பதிலைச் சொல்லும் தோழர்கள் தம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியை ஒருமுறை பார்ப்பது நல்லது. 2024 நவம்பரில் டிஸ்னியின் இந்தியத் தொழிலும் ரிலையன்சின் ஊடகத் தொழிலும் ஒன்றாயின. 70,352 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்ட அக்கூட்டு நிறுவனத்தில் டிஸ்னியின் பங்கு 36.84 சதவீதம், எஞ்சியது ரிலையன்சிடமும் அதன் கட்டுப்பாட்டில் உள்ள வயாகாம்18 நிறுவனத்திடமும் இருக்கிறது. தலைவர் நீதா அம்பானி. மும்பையிலோ தில்லியிலோ வாழும் தமிழ்த் தொழிலாளியின் மகள் மாலையில் பார்க்கும் விஜய் தொலைக்காட்சியும், அவள் அண்ணன் கைப்பேசியில் பார்க்கும் கிரிக்கெட்டும், டிஸ்னியின் இளவரசிகளும் இன்று ஒரே கல்லாவுக்குப் பணம் சேர்க்கின்றன.

குழந்தைக் கதை அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று டிஸ்னி நிறுவனமே ஒருநாளும் நினைத்ததில்லை. சிலியில் அயெண்டேவின் ஆட்சிக் காலத்தில், 1971இல், ஏரியல் டார்ஃப்மனும் அர்மான் மத்தலாரும் டொனால்டு வாத்துச் சித்திரக்கதைகளுக்குள் பதுங்கியிருந்த ஏகாதிபத்தியத்தைத் தோலுரித்து ஒரு நூல் எழுதினர். 1973 இராணுவக் கவிழ்ப்புக்குப் பின் அந்நூல் எரிக்கப்பட்டது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1975இல் அமெரிக்காவுக்குள் கப்பலில் வந்தபோது, பதிப்புரிமை மீறல் என்ற ஐயத்தின் பேரில் சுங்க அதிகாரிகள் அதைத் தடுத்து வைத்தனர். ஒரு வாத்தைப் பற்றிய நூலுக்கு இத்தனை அச்சம்! (எதிர்ப்பு என்றால் முகஞ்சுளிப்பு என்று கொள்ள வேண்டியதில்லை. சோவியத் திரை மேதை ஐசன்ஸ்டைன் டிஸ்னியின் கலையைத் தயக்கமின்றிப் போற்றியவர். போற்றத் தெரிந்தவருக்கே பிரித்துப் பார்க்கவும் தெரியும்.)

இரண்டாவது பதில் இதைவிட ஆபத்தானது. நடிகையின் மீது பொழியப்பட்ட இனவெறி வசையை எதிர்ப்பது வேறு. நிறுவனத்துக்கு நற்சான்று வழங்குவது வேறு. டிரம்ப் மீண்டும் பதவியேற்ற சில வாரங்களில், 2025 பிப்ரவரியில், உயர் அதிகாரிகளின் ஊதியத்தைக் கணிக்கும் அளவுகோல்களிலிருந்து ‘பன்மைத்துவம்’ என்ற தலைப்பையே டிஸ்னி நீக்கி, வேறொரு தலைப்பைப் போட்டுக்கொண்டது. வாங்குவோர் இருந்தவரை முற்போக்கு ஒரு சரக்கு. காற்று திசை மாறியதும் அது கிடங்குக்குப் போயிற்று. படத்தின் உள்ளேயும் இதே கதைதான். ஏழு குள்ளர்களின் சித்திரிப்பு இழிவானது என்று நடிகர் பீட்டர் டிங்கிலேஜ் 2022இல் கண்டித்தார். நிறுவனம் கண்டுபிடித்த பரிகாரம் என்ன? அவ்வேடங்களைக் கணினியில் வரைந்துவிட்டது. உயரம் குறைந்த நடிகர்கள் பலர், தங்களுக்கு அரிதாக வரும் வேலையும் பறிபோயிற்றே என்று குமுறினர். இழிவு நீங்கியதோ இல்லையோ, கூலி நீங்கிற்று.

இனி ‘அசல்’ என்னும் சொல்லுக்கு வருவோம். மறுஆக்கம் என்பதே குற்றமென்று தமிழ் கற்றவர் எவரும் சொல்லமாட்டார். முதல்நூலுக்கு ஒரு தகுதி, வழிநூலுக்கு ஒரு தகுதி என்று வகுத்து, தொகுத்தும் விரித்தும் மொழிபெயர்த்தும் செய்வது வழிநூலின் இயல்பு என்று கூறுகிறது தொல்காப்பிய மரபியல். வான்மீகியைக் கம்பன் அப்படியே விட்டிருக்கலாம் என்று வருந்துவார் உண்டா? நூறு வாய்கள் நூறு விதமாகச் சொல்வதால்தான் கதை உயிரோடு இருக்கிறது.

கிரிம் சகோதரர்கள் 1812இல் பதிப்பித்த ஸ்னோ ஒயிட் கதையில் கொல்லத் துணிபவள் மாற்றாந்தாய் அல்லள், பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். நடுத்தர வர்க்கக் குடும்பத்தின் முன்னறையில் வைக்கத்தக்கதாக நூலைத் திருத்தியதன் விளைவு அது. இளவரசனின் முத்தத்தால் அவள் விழிப்பதாகவும் அங்கே இல்லை. முதற்பதிப்பில், கண்ணாடிப் பெட்டியை ஓயாமல் அங்குமிங்கும் சுமந்து சலித்துப்போன பணியாளருள் ஒருவன் ஆத்திரத்தில் அவளை ஓர் அடி வைக்கிறான். தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே விழுகிறது. வேலைக்காரனின் சினம் கதையை முடித்துவைத்தது. அந்த முடிவைக் கழற்றிவிட்டு முத்தத்தை மாட்டிய 1937ஆம் ஆண்டுப் படத்தையே இன்றைய ரசிகர் ‘அசல்’ என்கிறார். அவர் ஏங்குவது தம் குழந்தைப் பருவத்துக்காக. அந்தக் குழந்தைப் பருவமும் முன்பே விற்கப்பட்ட சரக்காக இருந்தது என்பதில்தான் நிறுவனத்தின் வெற்றி அடங்கியிருக்கிறது.

சொன்னவர் பெயர் மறைவதும் வாங்கியவர் பெயர் நிலைப்பதும் இந்தத் தொழிலின் வழமை. அலாவுதீன் கதையை 1709இல் பாரிஸ் நகரில் அந்துவான் காலானுக்கு வாய்மொழியாகச் சொன்னவர் அலெப்போவிலிருந்து வந்த ஹன்னா தியாப் என்னும் இளைஞர். காலானின் அச்சிட்ட நூலில் அவர் பெயர் இல்லை. 2019இல் அக்கதையின் டிஸ்னி மறுஆக்கம் 100 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது.

பொது நிலத்துக்கு வேலி போட்டு உழவர்களை வெளியேற்றியதை மூலதனத்தின் தொடக்க வரலாறாக மார்க்ஸ் காட்டினார். கதைகளுக்குப் போடப்படும் வேலி சட்டத்தால் ஆனது. 1998இல் அமெரிக்க நாடாளுமன்றம் பதிப்புரிமைக் காலத்தை 20 ஆண்டுகள் நீட்டியது. நிறுவனங்களின் படைப்புகளுக்கு அது 75இலிருந்து 95 ஆண்டுகள் ஆயிற்று. அதற்காக முன்னின்று காய் நகர்த்தியவற்றுள் டிஸ்னியும் ஒன்று. விளைவாக 1937ஆம் ஆண்டுப் படம் 2033 வரை பொதுவுடைமை ஆகாது. அது போதாதென்று ‘ஸ்னோ ஒயிட்’ என்னும் பெயரையே திரைப்படங்களுக்கான வணிகக் குறியாகப் பதிவு செய்ய 2008இல் விண்ணப்பித்து, 2013இல் பெற்றுக்கொண்டது. கிரிம் சகோதரர்களின் ஏடுகளில் 1812 முதல் கிடக்கும் பெயர் அது. அதே 2013இல், இறந்தோரை நினைந்து மெக்சிக மக்கள் தொன்றுதொட்டுக் கொண்டாடும் திருநாளின் பெயருக்கும் வணிகக் குறி கேட்டது. மக்களின் எதிர்ப்பு கிளம்பியதும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. எதிர்த்தால் பின்வாங்குவார்கள் என்பதற்கு இதைவிட அண்மைச் சான்று வேண்டியதில்லை.

சரி, படம் ஏன் மோசமாக இருக்கிறது? ரசிகரின் ஏமாற்றம் பொய்யன்று. அதற்கான விடை அழகியலில் மட்டும் கிடைக்காது. 1975 ஜூனில் ‘ஜாஸ்’ படத்தை நூற்றுக்கணக்கான அரங்குகளில் ஒரே நாளில் வெளியிட்டு, தொலைக்காட்சி விளம்பரத்தில் பணத்தைக் கொட்டி அள்ளியதிலிருந்து அமெரிக்கக் கோடை என்பது அறுவடைக் காலம். முதலீடு பெருகப் பெருக அச்சமும் பெருகும். முன்பின் அறியாத கதையில் 20 கோடி டாலரைப் போட எந்த நிதி முதலாளி துணிவான்? ஏற்கெனவே விற்ற பெயரே அவனுக்குப் பிணை. இத்தகைய பெரும்படங்கள் வரிசையாகக் கவிழ்ந்து தொழிலே நொறுங்கும் நாள் வரும் என்று 2013இல் எச்சரித்தவர் வேறு யாருமல்லர், ‘ஜாஸ்’ எடுத்த ஸ்பீல்பெர்க். அந்தக் கோடையிலேயே டிஸ்னியின் ‘தி லோன் ரேஞ்சர்’ கவிழ்ந்தது. தொழில் நொறுங்கவில்லை. காரணம் எளியது. டிஸ்னியின் இயக்க இலாபத்தில் பாதிக்கு மேல் இன்று கேளிக்கைப் பூங்காக்கள், உல்லாசக் கப்பல்கள், பொம்மைகள் அடங்கிய பிரிவிலிருந்து வருகிறது. அந்தக் கணக்கில் படம் என்பது பொம்மைக்கு இரண்டு மணி நேர விளம்பரம். அதுவும் அரசுப் பணத்தின் துணையோடு: பிரிட்டனில் படமெடுக்கும் நிறுவனங்களுக்கு அங்கே செய்த செலவில் ஒரு பகுதியை அந்நாட்டு அரசு வரிச்சலுகையாகத் திருப்பித் தருகிறது. ‘ஸ்னோ ஒயிட்’ அங்கேதான் எடுக்கப்பட்டது. 2025 மே மாதம் வெளியான ‘லிலோ அண்ட் ஸ்டிச்’ மறுஆக்கம் 100 கோடி டாலரைக் கடந்ததும், இரண்டு மாதத்துக்கு முந்தைய தோல்வி பேரேட்டில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது.

தோல்வியின் சுமை வேறு தோள்களில் இறங்குகிறது. 1937ஆம் ஆண்டின் ‘ஸ்னோ ஒயிட்’ பணத்தைக் குவித்தபோதே, ஆயிரக்கணக்கான ஓவியங்களுக்கு மை தீட்டி வண்ணம் நிரப்பிய பெண்கள் மிகக் குறைந்த கூலிக்கு உழைத்தனர். 1941 மே மாத இறுதியில், சங்கம் அமைத்ததற்காக ஆர்ட் பாபிட் உள்ளிட்டோர் நீக்கப்பட்டதும் ஓவியத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கிச் சங்கத்துக்கு அங்கீகாரம் பெற்றனர். வால்ட் டிஸ்னி அதை மறக்கவில்லை. 1947 அக்டோபரில் அமெரிக்க விரோத நடவடிக்கைகள் குழுவின் முன் அமர்ந்து, அந்தப் போராட்டத்தின் பின்னணியில் கம்யூனிஸ்டுகள் இருந்ததாகப் பெயர் சொல்லிச் சாட்சியம் அளித்தார்.

மையும் தூரிகையும் போய்க் கணினி வந்தபின் அந்த வேலை கடல் கடந்தது. புதுச்சேரியில் தொடங்கும் ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் புலியைக் கணினியில் உயிர்ப்பித்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவாலானது. அதே மாதம் அப்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. விருது மேடையில் அதைப் பற்றிப் பேசத் தொடங்கியவரின் குரலை இசை போட்டு அடக்கினர். போட்ட இசை ‘ஜாஸ்’ படத்தின் சுறா வரும் இசை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே பிப்ரவரி. ‘தி ஜங்கிள் புக்’, ‘தி லயன் கிங்’, ‘ஸ்னோ ஒயிட்’ ஆகிய மறுஆக்கங்களின் கிராபிக்ஸ் பணியில் முதன்மைப் பங்காற்றிய எம்.பி.சி. நிறுவனம், அதன் தாய் நிறுவனமான டெக்னிகலரோடு சேர்ந்து 2025 பிப்ரவரியில் சரிந்தது. ‘ஸ்னோ ஒயிட்’ திரைக்கு வர ஒரு மாதம்கூட இல்லை. டெக்னிகலரின் இந்தியக் கிளைகளில், பெரும்பாலும் பெங்களூரில், வேலை செய்தவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். உழைத்த மாதத்தின் சம்பளமாவது கைக்கு வருமா என்ற கேள்வியோடு அவர்கள் வீதிக்கு வந்தனர். கதாநாயகியின் நிறத்தைப் பற்றி மாதக்கணக்கில் மோதிக்கொண்ட இரு அணிகளிலும், அந்தக் காட்டையும் குள்ளர்களையும் வரைந்த நிறுவனம் பூட்டப்பட்டதைப் பற்றிப் பேசியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அமெரிக்காவில் இத்தொழிலாளர்கள் சும்மா இல்லை. எழுத்தாளர்கள் 2023இல் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்த அதே ஆண்டில், மார்வெல் நிறுவனத்தின் கிராபிக்ஸ் தொழிலாளர்கள் 32 பேரும், டிஸ்னியின் சொந்தக் கிராபிக்ஸ் பிரிவினர் 13 பேரும், ஓர் எதிர்வாக்குகூட இல்லாமல் சங்கத்துக்கு வாக்களித்தனர். பெங்களூரில் நிலைமை வேறு. ஐடி துறையோடு அனிமேஷன், கணினி வரைகலைத் தொழில்களுக்கும் சேர்த்து 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்திலிருந்து கர்நாடக அரசு 2014இல் விலக்கு அளித்தது. 2019இலும் 2024இலும் அதை நீட்டித்தது. மூன்று முறையும் காங்கிரஸ் ஆட்சியோ, காங்கிரஸ் இடம்பெற்ற கூட்டணி ஆட்சியோதான் இருந்தது. கர்நாடக மாநில ஐடி ஊழியர் சங்கம் இந்த விலக்கை எதிர்த்துத் தொடர்ந்து போராடி வருகிறது. அச்சங்கத்தின் வாயிற்கூட்டங்களுக்கு வரும் இளைஞர்களில் பலர், அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்து, அந்த ஆசையிலேயே இந்த வேலைக்குப் படித்தவர்கள். ‘ஸ்னோ ஒயிட்’ ஏன் சொதப்பியது என்று அவர்களிடம் கேட்டால் ரசிகர்கள் சொல்லாத பதில்கள் கிடைக்கும்.