கன்னெய் அவர்களது, அறிவு எவருடையது?

முதற்பொருளை விற்றே வாழும் நாடு செல்வ நாடாகலாம், உரிமை நாடாகாது. இவ்வுண்மைக்கு அரபு மண்ணினும் சிறந்த சான்று வேறில்லை.

1938-ஆம் ஆண்டு தம்மாமில் கன்னெய் பீறிட்டது. தோண்டியோர் அமெரிக்கக் குழுமத்தார். 1970-களின் நடுப்பகுதி வரை, கன்னெய்யோடு எழுந்த எரிவளியில் பெரும்பகுதியைப் பாலைவெளியிலேயே கொளுத்தினர். உரமாகவும் நெகிழியாகவும் நூலிழையாகவும் ஆகியிருக்க வேண்டிய செல்வம், இரவு பகலாய் எரிந்து பாழாயிற்று. மண் அவர்களது, தீயும் அவர்களது, ஊதியம் மட்டும் அயலானது!

பின்னரே சவூதி அரசு விழித்தது. 1976-இல் சாபிக்கு என்னும் அரசுக் குழுமத்தை நிறுவியது. கிழக்கே சுபைலிலும், மேற்கே செங்கடற்கரை யான்புவிலும் ஆலைகள் எழுந்தன. எரிந்து போன வளி எத்திலீனாகவும் நெகிழி மணிகளாகவும் மாறிக் கப்பலேறியது. 1980-இல் அரம்கோ முழுவதும் அரசுடைமையாயிற்று. 2020-இல் அவ்வரம்கோ, சாபிக்கின் 70 விழுக்காட்டுப் பங்கை 6,910 கோடி தாலர் கொடுத்து வாங்கியது. மண்ணின் பயனை மண்ணுக்கே மீட்ட இச்செயலைப் போற்றுகிறோம்.

ஆனால், இதோடு வெற்றி முடிந்ததென மயங்குவோரை மறுக்கிறோம்.

அவ்வெற்றி எதன்மேல் நின்றது? மலிவின்மேல்! 2015 முடியும் வரை, பத்து இலக்கம் வெப்ப அலகு ஈத்தேனை முக்கால் தாலருக்கு அரசு கொடுத்தது. 2016-இல் அது ஒன்றே முக்கால் தாலராயிற்று. மலிவான ஈத்தேனும் வேண்டுமளவு கிடைப்பதில்லை. நாப்தாவை நாடும் ஆலைக்கோ அந்தப் பழைய மலிவு இல்லை. பெரும் கொள்வோனாகிய சீனனும் தன் கரையில் தானே பேராலைகளை எழுப்பிவிட்டான். 2023-இல் அரம்கோ சீனத்து உரோங்செங் ஆலையில் 10 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது ஏன்? வாங்குவோன் வீட்டு வாயிலில் விற்போன் இடம்பிடிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. மலிவு கரையும், சந்தை மாறும், அறிவொன்றே நிலைக்கும்.

அவ்வறிவு எம்மொழியில் உள்ளது? வேதியியலுக்கு ஐரோப்பியர் வழங்கும் பெயரே அரபுமொழியின் 'கீமியா'விலிருந்து வந்தது. உலகுக்கு அப்பெயரைத் தந்த இனத்தின் பிள்ளைகள், 1963-இல் தகுரானில் தோன்றிய கன்னெய்க் கல்லூரியில் ஆங்கிலத்தில் அதைக் கற்கின்றனர்! அன்று சரக்கு அயலான் கையிலிருந்தது. இன்று சரக்கின் சூழ்ச்சியம் அயலான் நாவிலிருக்கிறது. முதலடிமையினும் இரண்டாமடிமை கொடிது. அது கண்ணுக்குப் புலப்படாது.

தமிழ்மக்களே! வளைகுடா ஆலைகளில் குழாய் இணைக்கும் கைகளுள் தமிழன் கைகளும் உள. அவன் வியர்வை அங்கே; அவன் கற்ற பொறியியல் ஆங்கிலத்தில். அரபியரைக் குறைகூற நமக்கு வாயில்லை; அவர்களிடம் கற்க மட்டும் பாடமுண்டு.

மண்ணை மீட்பது பாதி விடுதலை. அறிவைத் தாய்மொழியில் ஆக்குவது மறுபாதி. பாதியோடு நின்ற எவ்வினமும் முழுமையாய் நின்றதில்லை!